எங்கள் கிணறு தேறிவிட்டதாம்

எங்கள் கிணற்றில் இருப்பது நல்ல தண்ணீர் என்று டில்லியில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் மகன் செல்போனில் எடுத்துக் காட்டினான். ஒரு வரைபடம், அதில் நொய்யல் ஆறு நீலக் கோடாக ஓடுகிறது, கரையில் எங்கள் தோட்டம் இருக்கும் இடத்தில் பச்சையாக ஒரு புள்ளி. பச்சை என்றால் தேறிவிட்டது என்று அர்த்தமாம். அவன் அதைக் காட்டிய நேரத்தில் நான் குண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேறிய தண்ணீரில் கழுவிக் கவிழ்த்த பாத்திரம், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது.

"நல்லாப் பாரு கண்ணு, அந்தப் புள்ளியில உப்பு தெரியுதான்னு பெருசு பண்ணிப் பாரு" என்றேன். அவன் போனை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

திருப்பூருக்குக் கிழக்கே, ஆறு ஊரைத் தாண்டிய பிறகு வருகிற கரை எங்களுடையது. பனியன் துணிக்குச் சாயம் போட்ட தண்ணீர் வருசக்கணக்காக இந்த வழியாகத்தான் போனது. சாயப்பட்டறையில் அன்றைக்குச் சிவப்பா, நீலமா என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்புறம் கோர்ட்டுக்குப் போனார்கள், பட்டறைகளை மூடினார்கள், ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது, சுத்தம் பண்ணித் திரும்ப அதே தண்ணீரில்தான் சாயம் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. வந்தது நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆற்றில் நிறம் போனது. நிலத்துக்குள் இறங்கிய உப்பு மட்டும் எந்தச் சட்டத்தையும் மதித்து மேலே ஏறி வெளியே போகவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. காப்பிக்குப் பாலில் ஊற்றினால் திரிந்துபோகும். தென்னை காய்க்கும், ஆனால் பாதிக் குரும்பை கீழேதான் கிடக்கும். மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். அதன் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியாது.

குடிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணீர் எப்போதாவது வரும். வராத வாரம் லாரியில் வாங்கிக்கொள்வோம். இங்கே எல்லார் வீட்டிலும் இரண்டு தொட்டி உண்டு, ஒன்று நல்ல தண்ணிக்கு, ஒன்று உப்புத் தண்ணிக்கு.

இவ்வளவு கெடுதலிலும் எங்களுக்கு ஒரே ஒரு பாதுகாப்பு இருந்தது. எங்கள் கரை "பாதிக்கப்பட்ட பகுதி" என்று பட்டியலில் இருந்ததால் அங்கே புதிதாகச் சாயப்பட்டறை தொடங்க அனுமதி கிடையாது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முதலாளி நிலத்தை வாங்கி, பெரிய கொட்டகை போட்டு, புகைபோக்கியும் கட்டி, கேட்டில் பூட்டுத் தொங்கவிட்டிருந்தார். பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன். அது அங்கே தொங்குகிற வரைக்கும் எங்கள் கிணறு இதற்கு மேல் கெடாது என்று ஒரு தைரியம்.

பிறகு டில்லியில் புது விதி போட்டார்கள். எத்தனை காலத்துக்குத்தான் பாதிக்கப்பட்ட பகுதி, பாதிக்கப்பட்ட பகுதி என்று வைத்துக்கொண்டிருப்பது? நிலத்தடி நீர் தேறிவிட்ட இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், எடுத்தால் தொழிலுக்கு அனுமதி கொடுக்கலாம். தேறியதா இல்லையா என்று பார்க்க அங்கங்கே சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் கிணறும் அதில் ஒன்று. ஆட்கள் வந்து சுவரில் மஞ்சள் பெயிண்டில் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் எடுக்க எப்போது வருவீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, முன்கூட்டிச் சொல்லக் கூடாதுங்க, சொன்னால் பட்டறைக்காரர்கள் ஏதாவது தில்லுமுல்லு பண்ணிவிடுவார்கள் என்றார்களாம். நாங்கள் பூரித்துப் போனோம். அடேயப்பா, எவ்வளவு விவரமாக விதி போட்டிருக்கிறார்கள் என்று! வந்து எடுக்கட்டும், உப்பு தானாகவே பேசும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அதே சமயத்தில்தான் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை. நல்ல வேலைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கம்பெனி வேலை மட்டும் போதாது, தோட்டமும் வேண்டும். தோட்டம் மட்டும் போதாது, கிணற்றில் தண்ணீர் வேண்டும். ஜாதகம் பொருந்தினால் பெண் வீட்டார் 'ஊடு பாக்க' வருவார்கள். வீட்டைப் பார்ப்பது சும்மா பேருக்கு. தோட்டங்காட்டைச் சுற்றுவார்கள், மண்ணைக் காலால் கிளறிப் பார்ப்பார்கள், கடைசியில் கிணற்றடியில் போய் நிற்பார்கள். கூட்டத்தில் ஒரு மாமன் கட்டாயம் இருப்பார். அவர் படியில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக்கொள்வார். அவ்வளவுதான், எங்கள் கதை முடிந்தது.

ஒரு மாமன் துப்பிவிட்டு வேட்டி முனையில் வாயைத் துடைத்தார். இன்னொருவர் மரியாதைக்காரர், விழுங்கிவிட்டார், ஆனால் மூஞ்சி போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மூன்றாம் நாள் புரோக்கர் போன் பண்ணுவார். "ஏனுங்க, ஜாதகத்துல ஒரு சின்னத் தோஷம் இருக்குதாமுங்க" என்பார். தோஷம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? உப்புத் தண்ணியில் பெண்ணைத் தள்ள எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்படிப் பல இடம் தட்டிப்போன பிறகு ஒரு நல்ல இடம் அமைந்தது. பெண் டீச்சர் வேலைக்குப் படித்தவள். ஆற்றோரமாகவே, எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் கீழே தள்ளி அவர்கள் ஊர். புதன்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணி லாரி வந்தது. எப்போதும் போல நல்ல தண்ணித் தொட்டிக்குத்தான் என்று நினைத்து நான் மூடியைத் திறந்துவிட்டேன். லாரி தொட்டியைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனது.

ஓடிப்போய்ப் பார்த்தால் குழாயைக் கிணற்றுக்குள் இறக்கித் திறந்துவிட்டிருக்கிறார்கள்! நல்ல தண்ணீர் சடசடவென்று உப்புக் கிணற்றில் விழுகிறது.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சுங்களா?" என்று கத்தினேன்.

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்தான் சிரித்தார். திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் அடிக்கிற மனிதர், நாலு ஊர் விவகாரம் தெரிந்தவர். "அக்கா, பயப்படாதீங்க. உப்புத் தண்ணி கனமுங்க, அடியில நின்னுக்கும். நல்ல தண்ணி மேல நிக்குமுங்க. மோட்டார் மட்டும் போடாதீங்க, கலங்கிரும். ரெண்டு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. கல்யாண ஊட்டுக்காரங்க நெறையப் பேரு இப்படித்தானுங்க பண்றாங்க" என்றார். அடுத்த நடை, அதற்கடுத்த நடை என்று பொழுதுக்கும் லாரி வந்துபோனது. மாட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் வைக்க யோசிக்கிற வீட்டில் கிணற்றுக்கு விருந்து வைத்தோம். வயிறு எரிந்தது. ஆனால் மகன் அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று தலையில் நரை தெரிகிறதா என்று பார்த்ததையும் நான் பார்த்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போய்விட்டேன்.

புதன்கிழமை காலை பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஒடிசலான மனிதர், வெள்ளை வேட்டி, அதிகம் பேசாதவர். பெண்கள் எல்லாரும் உள்ளே என்னோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் காட்டைச் சுற்றப் போனார்கள். நான் காப்பி போட்டுக்கொண்டே சமையற்கட்டு ஜன்னல் வழியாகக் கிணற்றடியைப் பார்த்தபடி இருந்தேன். அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. பெண் வீட்டாரின் சொந்தபந்தம், ஒரம்பரை யாரோ பின்னால் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு டம்ளருக்குப் பால் சேர்த்தேன்.

கிணற்றடியில் நடந்ததை எல்லாரும் போன பிறகு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொல்லும்போது கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பெண்ணின் தகப்பனார் படியில் இறங்கிச் செம்பில் மொண்டு குடித்தாராம். மெதுவாகக் குடித்தாராம். குடித்துவிட்டு இவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாராம். "நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இவருக்கு உயிர் வந்தது. அந்த நேரத்தில்தான் ஜீப்பிலிருந்து சுற்றுச்சூழல் ஆபீஸ் ஆட்கள் பாட்டிலும் கயிறுமாக இறங்கியிருக்கிறார்கள்.

மோட்டார் போடச் சொல்லி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம்தான் தண்ணீர் பிடிக்க வேண்டுமாம். ஆனால் தோட்டத்துக்கு மும்முனைக் கரண்ட் மதியத்துக்கு மேல்தான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். இன்னும் பல ஊர் போக வேண்டும். பரவாயில்லை என்று கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கி, மேலாக்க மொண்டுவிட்டார். பேனா மாதிரி, உப்பை அளக்கிற ஒரு மீட்டரை அதில் விட்டுப் பார்த்து, "அட, தண்ணி ரொம்ப நல்லாயிடுச்சே!" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாராம். பெண் வீட்டு மாமன்மார் அத்தனை பேருக்கும் ஒரே சந்தோஷம். கவர்மெண்டே வந்து சர்டிபிகேட் கொடுத்துவிட்டதே!

அப்புறம் அதிகாரி முறைப்படி கேட்டிருக்கிறார். "கிணத்துல வெளித் தண்ணி ஏதாச்சும் ஊத்தியிருக்கீங்களாங்க?"

என் வீட்டுக்காரர் வலது பக்கம் பார்த்திருக்கிறார், அதிகாரி. இடது பக்கம் பார்த்திருக்கிறார், சம்பந்தியாகப் போகிறவர்.

"இல்லீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"பொண்ணு குடுக்கறாங்களாமா" என்று அதைத்தான் முதலில் சொன்னார். அதற்குப் பிறகு இதைச் சொன்னார். பட்டறைக்காரன் தில்லுமுல்லு பண்ணிவிடக் கூடாதென்று சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்களே, அவன் சும்மா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான், அவனுக்காக நாங்கள் லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கிறோம்!

"ஓடிப்போய் இப்பவே சொல்லுங்க, ஜீப்பு அடுத்த ஊரு தாண்டியிருக்காது" என்றேன்.

"நிச்சயம் முடியட்டுமே" என்றார்.

"நிச்சயம் முடியறதுக்குள்ள அங்க பூட்டைத் தெறந்துருவாங்க."

"இப்பச் சொன்னா கல்யாணம் நின்னு போகும். அப்புறம் தோட்டம் யாருக்கு? நாம ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் அவன் தனியா உக்காந்து தென்னை மரத்தைப் பாத்துட்டு இருக்கணுமா?" கோபமே வராத மனிதர், அன்றைக்குக் குரலை உயர்த்திவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவருக்குத் தெரியாமல் நானே ஆபீஸுக்குப் போன் போட்டேன். மாதிரி லேபுக்குப் போய்விட்டது, அனுமதி கொடுக்கும் முன்னால் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்போம், ஆட்சேபணை இருந்தால் அங்கே வந்து சொல்லுங்கள் என்றார்கள். சரி, அங்கேயே சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

இடையில் நிச்சயதார்த்தம் பெண் வீட்டில் நடந்தது. பருப்பு வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. காப்பி மணத்தது. என் வீட்டுக்காரர் அவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தளும்பி நிக்குது. எளநி மாதிரி இருக்குது தண்ணி" என்று ஏக்கமாகச் சொன்னார். நானும் போய்ப் பார்த்தேன். கிணற்றுச் சுவரில், எங்களுடையதில் இருந்த மாதிரியே மஞ்சள் பெயிண்ட் குறி. கீழே இருக்கிற ஊராவது தேறிவிட்டதே, சாமி புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு மட்டும்தான் இந்தச் சாபம் போலிருக்கிறது என்று அழுகையாக வந்தது. பெண்ணின் தங்கை எனக்குத் தட்டு நிறையப் பூ கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் கல்யாண வயசுப் பெண்தான்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். எங்கள் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் பதிவு பண்ணியிருந்த அதே மண்டபம். எங்கள் ஊர், பெண்ணின் ஊர் இரண்டுக்குமாக வைத்த கூட்டம், அதனால் சம்பந்தியும் வருவார் என்று தெரியும். காலையில் நான் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது மகன் வந்து நின்றான்.

"அம்மா, இன்னைக்கே சொல்லோணுமா? இன்னும் தாலி கட்டலையேம்மா."

"உனக்குத் தோட்டம் வேணுமா, பொண்டாட்டி வேணுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டும் வேணும்னு நெனைக்கறது தப்பாம்மா? எங்க கம்பெனியில சாயத் துணியும் விக்கறாங்க, பசுமைன்னு பேரும் வாங்கறாங்க, ரெண்டும் வெச்சிருக்காங்களே" என்றான். அவன் கம்பெனியில் துணி வாங்க வெளிநாட்டு பையர் வரும்போதெல்லாம் வாசலில் மரக்கன்று நடுவார்களாம். போன தடவை நட்ட குழியிலேயே இந்தத் தடவையும் நட்டார்கள் என்று அவனே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னான். கூட்டத்து நாள் காலையில் சிரிக்கவில்லை.

மண்டபத்தில் மணமக்கள் உட்காருகிற மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். பட்டறை முதலாளியின் மேனேஜர் படம் போட்டுக் காட்டிப் பேசினார். ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, எல்லாம் புது மிஷின், சுற்றிலும் மரம், ஊருக்கு வேலை. அவர் பேசப்பேச எங்கள் ஊர் ஆண்கள் பாட்டிலைத் திருகித் திருகிக் குடித்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி முன்வரிசைக்குப் பின்னால், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். உருவிக்கொண்டு போனேன். மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஏனுங்க சார், எங்க கெணறு தேறல. அன்னைக்கு நீங்க எடுத்தது லாரித் தண்ணிங்க. பையனுக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க, உப்புத் தண்ணின்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மொத நாளு லாரி வெச்சு ஊத்துனோமுங்க. பொய் சொன்னது தப்புதானுங்க. இப்பவே வாங்க, மோட்டார் போடறேன், பொழுது சாயற வரைக்கும் ஓடட்டும், அப்புறம் பாட்டிலைப் புடிங்க. நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. மேனேஜர்கூடக் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தி இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. அவர் எழுந்து போய்விட்டிருப்பார், மகன் கல்யாணம் அதோடு சரி என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. அவர் பொறுமையாகவே பேசினார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "அம்மா, வெளித் தண்ணி கலக்கலைன்னு உங்க ஊட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கார். இப்ப நீங்க மாத்திச் சொன்னா அது அவர் மேலதான் கேஸ் ஆகும். மறுபடி மாதிரி எடுக்கறது விதிப்படி அடுத்த சுற்றுலதான். இன்னொண்ணும் பாருங்க. ஒரு கிணத்தை மட்டும் வெச்சு நாங்க முடிவு பண்றதில்லை. இந்தப் பகுதியில ரெண்டு கிணறு எடுத்திருக்கோம். உங்களுது ஒண்ணு, பக்கத்து ஊர்ல ஒண்ணு. ரெண்டு ரிசல்ட்டும் அப்படியே ஒத்துப்போகுது. உங்க கிணத்துல லாரித் தண்ணி ஊத்தியிருந்தா, அந்தக் கிணறு எப்படிம்மா நல்லா இருக்கும்?"

பக்கத்து ஊரில் ஒன்று. மஞ்சள் பெயிண்ட் குறி கண் முன்னால் வந்தது. வெண்ணெய் மாதிரி வெந்த பருப்பு வந்தது. நான் தூண் பக்கம் திரும்பினேன். சம்பந்தி போகவில்லை, அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்து, காலடியில் கிடந்த பாட்டில் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நிமிரவில்லை.

மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அடுத்தவர் பேசட்டும் என்றார்கள். அடுத்தவர் என்று யாரும் இல்லை.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சம்பந்தி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்ணா," என்றேன், "உங்களுதும் லாரித் தண்ணிதானுங்களா?"

"ஆமாங்க" என்றார். "நிச்சயத்துக்கு நீங்க எல்லாரும் வர்றீங்கன்னு பத்து நாளாவே ஊத்திட்டு இருந்தனுங்க, அதுக்கு நடுவுலதான் அவங்க வந்து பாட்டில் புடிச்சுட்டுப் போனாங்க. ஊடு பாக்க வந்தன்னைக்கே உங்க தண்ணிய வாயில வெச்சதும் எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. லாரித் தண்ணி ருசி எனக்குத் தெரியாதுங்களா? எங்க ஊட்லயும் அதைத்தான குடிக்கறோம். அவங்களும் நம்மளாட்டத்தானேன்னு நெனைச்சுத்தான் சரின்னேன்."

"அங்க எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்கண்ணா? ரெண்டு கெணறும் பொய்யின்னு தெரிஞ்சிருந்தா அவுங்களால அப்படிப் பேசியிருக்க முடியுமுங்களா? நான் ஒருத்தி பைத்தியக்காரியாட்ட நின்னனே!"

அவர் மண்டப வாசலைப் பார்த்தார். உள்ளே மேனேஜரோடு எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சின்னவ ஒருத்தி இருக்கறாளுங்களே" என்றார்.

என் மகன் காலையில் என்னிடம் வந்து நின்ற அதே முகம்தான் அவருக்கும் இருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. யாரைத் திட்டுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. டில்லியில் விதி போட்டவருக்கு நொய்யல் கரையில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் என்ன வேண்டும் என்று தெரியாது. அவரைத் திட்டினால் அவர் காதில் விழவா போகிறது?

கல்யாணம் நின்றுவிடும் என்று நான் பயந்தேனே, நிற்கவில்லை. ஜாம் ஜாம் என்று நடந்தது. அதே மண்டபம். சமையலுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. நான் பேசிய மேடையில் மகன் தாலி கட்டினான், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் என்று எல்லாரும் நினைத்தார்கள். சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் துருப்பிடித்த பூட்டை உடைத்தார்கள். சாவியைத் தொலைத்துவிட்டார்களாம். இப்போது புகைபோக்கியில் புகை வருகிறது. வடக்கத்திப் பையன்கள் ஷிப்டுக்கு வந்துபோகிறார்கள், போகும்போது என்னைப் பார்த்து "நமஸ்தே அம்மா" என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரு சொட்டு வெளியே வருகிறதா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. மழை பெய்கிற நாளில் வேலியோர வாய்க்காலில் நுரை ஓடுகிறது. புகார் கொடுத்தேன். உங்கள் பகுதி பச்சையில் இருக்கிறது அம்மா, பாதிக்கப்பட்ட பகுதிக்குத்தான் உடனே ஆள் அனுப்புவோம் என்றார்கள்.

மருமகள் நல்ல பெண். வந்த அன்றைக்கு எந்தத் தொட்டி நல்ல தண்ணி, எந்தத் தொட்டி உப்புத் தண்ணி என்று கேட்கவே இல்லை. தொட்டி விளிம்பில் பூத்திருந்த உப்பைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். பாத்திரத்துக்குப் புளி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

போன வாரம் சம்பந்தி போன் பண்ணினார். நல்லா இருக்கீங்களா, மாடு கன்னு போட்டுச்சா என்றெல்லாம் கேட்டார். அப்புறம், "சின்னவளைப் பாக்க வெள்ளிக்கெழம வர்றாங்க. பல்லடம் பக்கமுங்க, நல்ல எடம். எங்க லாரிக்காரர் ஊருக்குப் போயிட்டாருங்க, வர ஒரு வாரமாகுமாம். உங்க லாரிக்காரர் நம்பர் கொஞ்சம் குடுங்க" என்றார்.

இவர் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பூட்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் மூச்சை இழுத்தேன். வாசலில் மருமகள் குண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாதான் பேசுகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கை நின்றுவிட்டது, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பர் எதுக்குங்கண்ணா, நானே சொல்லி அனுப்பறேன்" என்றேன். "வியாழக்கெழம வெடியறதுக்கே வந்துருவாரு. அவங்க போற வரைக்கும் மோட்டார் மட்டும் போட்டுறாதீங்க."